இருபத்திரண்டு நிமிடமும் ஆறு எண்ணும்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை. பேசச் சொல்லித்தான் கேட்டார்கள்.

கேட்டவர் வேலப்பன். வியாசர்பாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. மணலியில் ஒரு கம்பெனியில் முப்பது வருடமாக பாய்லர் ஆபரேட்டர். அவருடைய ஒரே மகள் சங்கமித்ராவும் என் மகள் நவ்ரீனும் ஒன்றாக எம்.பி.பி.எஸ். படித்து, ஒன்றாக ஹவுஸ் சர்ஜன் வேலையும் முடித்தவர்கள். நவ்ரீன் குழந்தை மருத்துவம் என்று முடிவுசெய்துவிட்டாள். அவளை விடுங்கள், இந்தக் கதையில் இனி வரமாட்டாள். (வந்தால் என்னைத் திருத்துவாள்.)

சங்கமித்ராவுக்கு மேற்படிப்பு நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க். அந்த ரேங்குக்குத் தோல் மருத்துவம் கிடைக்கும். தோல் கிடைப்பது லேசுப்பட்ட விஷயமில்லை, அதற்கு அடித்துக்கொள்கிறார்கள். காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம். படை வந்தவன் எவனும் நடுராத்திரியில் டாக்டரை எழுப்புவதில்லை. ஆனால் இந்தப் பெண் மகப்பேறுதான் வேண்டும் என்கிறாள். அதாவது ராத்திரியும் பகலும் ரத்தமும் கூச்சலும், ஏதாவது ஆகிவிட்டால் வாசலில் நிற்கும் இருபது பேரும்.

வேலப்பன் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காராமலே பேசினார்.

"ரஹீமாக்கா, நீங்கோ கதை எழுதறவங்கோ. நம்ப பொண்ணு உங்க பேச்சுன்னா கேக்கும். எப்டியாச்சும் தோலுக்கு மாத்தி வுட்ருங்கோ. எந்தப் படிப்பு வேணும்னு வெள்ளிக்கெயம சாய்ந்தரம் அஞ்சு மணிக்குள்ள கம்ப்யூட்டர்ல லாக் பண்ணணுமாம்."

கதை எழுதுகிறவளிடம் "உங்க பேச்சுன்னா கேக்கும்" என்று ஒருவர் சொன்னால் அவள் எதற்கும் தலையாட்டுவாள். ஆட்டினேன். அன்று செவ்வாய்க்கிழமை.

2

ஒருத்தியின் மனத்தை மாற்ற வேண்டுமானால் அந்த மனத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அவள் ஏன் மகப்பேறு என்கிறாள்? எனக்குத் தெரிந்த ஒரே வழி, கதையாக எழுதிப் பார்ப்பது.

தொடக்கம், ஒன்று:

*சங்கமித்ரா பிறந்த அன்றே அவள் தாய் கண்ணை மூடினாள். அன்று முதல் அந்தக் குழந்தையின் நெஞ்சில்*

(நிறுத்திவிட்டேன். அவள் தாய் அம்மு கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறாள். போன வாரம்கூட எனக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பினாள். ஒரு கதைக்காகக் குழம்பு கொடுத்தவளைக் கொல்வதா?)

தொடக்கம், இரண்டு:

*பேராசிரியையின் கம்பீர நடையைப் பார்த்த அந்தக் கணத்தில் சங்கமித்ரா தீர்மானித்தாள்: நானும் ஒரு நாள்*

(இதை அவளுக்கே போனில் படித்துக்காட்டினேன். "ஆன்ட்டி, எங்க மேடம் என்னை மூணு தபா வார்டை வுட்டு வெளிய அனுப்பியிருக்காங்க" என்றாள்.)

தொடக்கம், மூன்று:

*வடசென்னையின் குத்துச்சண்டை வீரர் ஒருவரின் மகளாகப் பிறந்த*

(இதற்கு அவள் சிரிக்கக்கூட இல்லை. "எங்க ஏரியான்னா பாக்ஸிங் இல்லாம கதையே வராதா? எங்கப்பாவுக்கு கேரம்கூட ஆடத் தெரியாது." நானும் வடசென்னையில் பிறந்து வளர்ந்தவள்தான். இருந்தும் கை தானாக அங்கே போகிறது. வெட்கமாக இருந்தது.)

ஒரு டாக்டர் ஏன் ஒரு துறையை எடுக்கிறார் என்ற கேள்வியைப் பற்றி ஆராய்ச்சிகள் எல்லாம் நடக்கின்றன. மாணவர்களிடம் தாளைக் கொடுத்து டிக் போடச் சொல்வார்கள். நல்ல ஆசிரியர், வேலை நேரம், வருமானம், வழக்குப் பயம், குடும்பத்தின் விருப்பம், மற்றவை. சங்கமித்ராவும் கல்லூரியில் அப்படி ஒன்றை நிரப்பியிருக்கிறாள். "மற்றவை"யில் டிக் போட்டாளாம். பக்கத்தில் "விளக்கவும்" என்று ஒரு கோடு இருந்ததாம். கோட்டைக் காலியாக விட்டுவிட்டாளாம்.

இந்தக் கதை முழுக்க அந்தக் கோட்டின் மேல்தான் எழுதப்படுகிறது.

3

புதன்கிழமை மதியம் இராயபுரத்தில், ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் அவளைப் பிடித்தேன். மறக்க முடியாத ஒரு பிரசவத்தைச் சொல் என்றேன். சாரா என்ற பெண்ணைப் பற்றி ஐந்து நிமிடம் சொன்னாள். அதற்குள் போன் வந்து எழுந்து ஓடினாள். மீதியை நானே ஊகித்து வீட்டில் எழுதினேன்:

*எண்ணூர் குப்பத்து சாராவுக்கு இருபத்து மூன்று வயது. முதல் பிரசவம். காலை பத்து பத்துக்குக் குழந்தை வீறிட்டது. பெண். வெளியே அவள் கணவன் ஜெரால்ட் தயாராக வைத்திருந்த சாக்லேட் டப்பாவைத் திறந்து, வாட்ச்மேன், ஆயாம்மா, அடுத்த பெண்ணின் மாமியார் என்று ஒருவர் விடாமல் நீட்டினான். உள்ளே ஹவுஸ் சர்ஜன் சங்கமித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதுதான் தன் பாதை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முற்றும்.*

எனக்கே பிடித்திருந்தது. வாட்ஸப்பில் அனுப்பினேன். சாயந்தரம் குரல் பதிவு வந்தது.

"ஆன்ட்டி, நீங்களும் அங்கியே எந்திரிச்சுப் போய்ட்டீங்களா? கொழந்த அழுததும் எல்லாரும் போய்டுவாங்க. கூட வந்தவங்க போன் பண்ணப் போய்டுவாங்க. கொழந்த டாக்டர் கொழந்தயத் தூக்கினு போய்டுவாரு. நாங்க மட்டும் அங்கியே நின்னுகினு இருப்போம். எங்களுக்கு பயமே அதுக்கப்புறம்தான். அந்த 'முற்றும்'ன்றத மொதல்ல அடிங்க."

அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் மேலே அப்படியே விட்டிருக்கிறேன்.

4

அதற்கப்புறம் நடந்தது இது. இதில் என் சரக்கு எதுவும் இல்லை. அவள் சொல்லச் சொல்ல எழுதியது.

நஞ்சுக்கொடி முழுதாக வந்துவிட்டது. குழந்தை வெளியே வந்ததும் கர்ப்பப்பை தானாகச் சுருங்கி இறுக வேண்டும். உள்ளே வாய் திறந்து கிடக்கும் ரத்தக்குழாய்களை அந்த இறுக்கம்தான் மூடுகிறது. சாராவுக்கு இறுகவில்லை. தொளதொளவென்று கிடந்தது. ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு ஊசி போட்டார்கள், அப்புறம் இன்னொன்று, அப்புறம் வேறொன்று.

மற்ற டாக்டர்கள் பக்கத்துத் தியேட்டரில் ஒரு சிசேரியனில் இருந்தார்கள். அறையில் இருந்தது மேற்படிப்பு படிக்கும் டாக்டர் மதி, நர்ஸ் பச்சையம்மா, சங்கமித்ரா. மதி ஒரு கையை மடக்கி உள்ளே வைத்தாள். இன்னொரு கையை வயிற்றின் மேல் வைத்து அழுத்தினாள். நடுவில் கர்ப்பப்பை. மருந்து வேலை செய்கிற வரைக்கும் இரண்டு மனிதக் கைகள்தான் அடைப்பு. பிறகு ரத்தத்துக்கும் தியேட்டருக்கும் ஏற்பாடு செய்ய மதி போயாக வேண்டியிருந்தது.

"நீ புடி," என்றாள். "நான் சொல்ற வரைக்கும் கைய எடுக்காத."

மணி பத்து முப்பத்தைந்து.

வெளியே ஜெரால்டைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். ரத்தம் நிற்கவில்லையென்றால் கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்றார்கள். பாதி காலியான சாக்லேட் டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவன் கையெழுத்துப் போட்டான்.

(இங்கே ஒரு சந்தேகம். இந்தச் சங்கமித்ரா அளவுக்கு மீறி நல்லவளாக இருக்கிறாளே, வாசகர் நம்புவாரா? கேட்டேன். "அன்னிக்கு காலைல அதே சாரா வலில கத்தும்போது, 'இன்னாத்துக்கு இப்டி ஊர கூட்ற'ன்னு திட்டனேன் ஆன்ட்டி. எழுதிக்கோங்க" என்றாள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. நவ்ரீனைப் பெற்றபோது எனக்கும் ஒருத்தி அப்படித்தான் கத்தினாள். இருபத்தைந்து வருடமாகியும் அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது. சாராவிடம் மன்னிப்புக் கேட்டாயா என்றேன். கேட்டேன் என்றாள். அந்த வலியில் இவள் திட்டியது தனக்கு நினைவில்கூட இல்லை என்று சாரா சொன்னாளாம். எனக்கு நினைவிருக்கிறது. அதனால் இதை நீக்க மாட்டேன்.)

முதல் ஐந்து நிமிடம் கை வலித்தது. அடுத்த ஐந்து நிமிடம் நடுங்கியது. அப்புறம் கை இருக்கிறதா என்றே தெரியவில்லை. பச்சையம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள்: "பன்னெண்டு. உடாத கண்ணு. பதிமூணு." சங்கமித்ராவின் கண்ணில் வழிந்த வேர்வையையும் அவளே பஞ்சால் ஒற்றினாள்.

"டாக்டர், கொழந்த எங்க?" என்றாள் சாரா. உதடு வெளுத்திருந்தது.

"வெளிய கீது. சூப்பரா கீது. நீ தூங்காத, என் மூஞ்சியப் பாரு."

இருபத்திரண்டாவது நிமிடம் சங்கமித்ரா சொன்னாள்: "வந்துருச்சு."

"இன்னா வந்துருச்சு?" என்றாள் அப்போதுதான் உள்ளே நுழைந்த மதி. பார்ப்பதற்கு எதுவும் மாறவில்லை. மானிட்டரில் அதே எண்கள்.

பிறகு ரத்தம் குறைந்தது. பிறகு நின்றது. மதி வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். கல்லாக இருந்தது. தயாராக இருந்த தியேட்டரை வேறொருத்திக்குக் கொடுத்தார்கள்.

சங்கமித்ராவின் விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிட்டன. பச்சையம்மாதான் ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்தினாள். சங்கமித்ரா வெளியே போய் ஜெரால்டிடம், "நல்லா கீறாங்க. ஒண்ணும் எடுக்கல" என்றாள். அவன் டப்பாவை நீட்டினான். இவளுக்கோ சாக்லேட்டைப் பிரிக்க விரல் ஒத்துழைக்கவில்லை. அவனே வாங்கிப் பிரித்துக் கொடுத்தான்.

5

"கிடைத்துவிட்டது!" என்று எழுதினேன். சாராவின் உயிரும் சாராவின் கர்ப்பப்பையும் இவள் கையில் நின்றன. இதைவிடக் காரணம் வேண்டுமா?

வியாழக்கிழமை அதே டீக்கடையில் சங்கமித்ரா இதையும் அடித்துவிட்டாள்.

"இல்ல ஆன்ட்டி. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இந்த டிபார்ட்மென்ட்டு மட்டும் வேணவே வேணாம்னு. நாலு நாள் சோறு எறங்கல. கைய எடுத்திருந்தா இன்னா ஆயிருக்கும்னே நெனப்பு. அடுத்த மாசம் ஸ்கின் போஸ்டிங். அப்பாடான்னு இருந்துச்சு."

"அப்புறம்?"

"நல்ல டிபார்ட்மென்ட்டு, நல்ல மேடம், நேரத்துக்கு சாப்பாடு. ஒரு நாளு ஒரு ஆளோட முழங்கைல படையப் பாத்துகினு இருந்தேன். என் கை அதுபாட்டுக்கு மடங்கிகினு இருந்துச்சு. இன்னாடா இதுன்னு பாத்தேன். அப்பதான் புரிஞ்சுது."

"என்ன புரிந்தது?"

அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"வந்துருச்சுன்னு சொன்னேன்ல? அதுக்கும் ரத்தம் கொறஞ்சதுக்கும் நடுவுல ஒரு ரெண்டு செகண்டு இருக்கும். மானிட்டருக்குத் தெரியாது. மதி அக்காவுக்குத் தெரியாது. சாராவுக்கே தெரியாது. அவ பொழச்சுட்டான்னு உலகத்துல எனக்கு மட்டும்தான் தெரியும். என் கைக்குத் தெரியும். அது எனக்குத் திருப்பி வேணும் ஆன்ட்டி. அவ்ளோதான். இத்த அந்தக் கோட்டுல எப்டி எழுதறது?"

வாசகரே, நான் எவ்வளவு பெரிய மண்டு என்று பாருங்கள். மூன்று தொடக்கம் எழுதி மூன்றிலும் அவளுக்கு ஒரு காயத்தைத் தேடினேன். இல்லையென்றால் ஒரு குருவை, ஒரு வீர அப்பாவை. ஒரு பெண் கஷ்டமான வேலையைக் கேட்டால், அவளுக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும், அல்லது அவள் தியாகியாக இருக்க வேண்டும் என்று நம் கதைகளுக்கு ஒரு வழக்கம். இவள் தியாகியும் இல்லை, அடிபட்டவளும் இல்லை. ஒரு பலகாரத்தைத் தின்று பார்த்த குழந்தை இன்னொன்று கேட்கிற மாதிரி கேட்கிறாள். அந்த ஆசையைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சந்தோஷமாக இருந்தது. தூது போனவள் கட்சி மாறிவிட்டேன்.

ஆனால் வேலப்பனுக்குக் கொடுத்த வாக்கு?

6

வெள்ளிக்கிழமை மாலை நாலு பத்து. வியாசர்பாடி மார்க்கெட் பக்கம் ஒரு ப்ரவுசிங் சென்டர். காலை ஷிப்டு முடித்து வேலப்பன் கம்பெனிச் சட்டையோடே வந்திருந்தார். நான் தோல் மருத்துவத்துக்கு ஆதரவாக இரண்டு பக்கப் பேச்சு எழுதிக் கைப்பையில் மடித்து வைத்திருந்தேன். (ஒப்புக்கொண்ட வேலை. நன்றாக வேறு வந்துவிட்டது, அதுதான் கொடுமை.)

ஒரு சிக்கலை இப்போதே சொல்லிவிட வேண்டும். விண்ணப்பம் போட்ட அன்று அந்த வீட்டில் ரீசார்ஜ் உயிரோடிருந்த ஒரே போன் அப்பாவுடையது. அதனால் அந்த எண்ணையே கொடுத்துவிட்டார்கள். எந்தப் படிப்பு முதலில் வேண்டும் என்கிற விருப்பப் பட்டியலைப் பூட்ட வேண்டுமென்றால் அந்த போனுக்கு ஆறு எண்கள் வரும். அதைக் கணினியில் போட வேண்டும். போடாவிட்டால், அப்பாவின் பேச்சுக்காக அவள் போன வாரம் போட்டுவைத்த பட்டியல் ஐந்து மணிக்குத் தானாகவே பூட்டிக்கொள்ளும். அதில் தோல்தான் முதலில்.

ஆக, வேலப்பன் எதுவும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும்.

சங்கமித்ரா மகப்பேறை மேலே ஏற்றிவிட்டு, பொத்தானை அழுத்தினாள். வேலப்பனின் சட்டைப் பையில் போன் சிணுங்கியது. அவர் பையின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அப்பா, நம்பர் சொல்லு."

"முப்பது வருசம் ஷிப்டு பாத்தவன் சொல்றேம்மா," என்றார். "உன் அஞ்சாவது பொறந்தநாளுக்கு நான் வூட்ல இல்ல. உனக்கு காய்ச்சல் வந்தப்ப உங்கம்மா ஒண்டியா தூக்கினு ஓடுச்சு. என் தூக்கம்தான் பாழாப் போச்சு. உன் தூக்கமாச்சும் நல்லா இருக்கட்டும்னுதானே படிக்க வெச்சேன்? இன்னா தப்பு கீது அதுல?"

ஒரு தப்பும் இல்லை. அவள் கண்ணில் நீர் முட்டியது. என் பேச்சுத் தாளை வெளியே எடுக்க வேண்டிய இடம் இதுதான். எடுக்கவில்லை.

"கைய குடுப்பா," என்றாள் சங்கமித்ரா.

அவருடைய முன்கையைத் தன் கையால் சுற்றிப் பிடித்தாள். "தளத்திக்கோ. இன்னும் தளத்து." அவர் தளர்த்தினார். "இப்டித்தான் இருந்துச்சுப்பா, இருபத்திரண்டு நிமிசம். இப்ப கைய இறுக்கி மடக்கு. மெதுவா."

அவர் மடக்கினார். வால்வு திருகித் திருகி உரமேறிய கை. அவள் விரல்களுக்கு அடியில் அது திரண்டு இறுகியதை நான் பக்கத்திலிருந்தே பார்த்தேன். (நீங்களும் உங்கள் கையைப் பிடித்துப் பாருங்கள். தளர்த்திவிட்டு, மெதுவாக மடக்குங்கள். இந்தக் கதையில் என்னால் எழுத முடியாத இடம் அது ஒன்றுதான்.)

"இதான்பா. ஒரு பொண்ணு பொழச்சிகினா. வேற யாருக்கும் தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சுது."

வேலப்பன் தன் கையையே பார்த்தார். பிறகு மகளிடம் இல்லை, என்னிடம் பேசினார்.

"பத்து வருசம் முன்னாடி என்னை ஸ்டோர்ஸ்ல உக்கார சொன்னாங்கோக்கா. பகல் வேலை. சேரு, ஃபேனு எல்லாம் கீது. ஆறே நாளு. ஏழாவது நாளு பாய்லருக்கே போறேன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"ஏன்?"

"ஸ்டீம் ஏறுதில்ல, மீட்டரு காட்றதுக்கு முன்னாடி, பக்கத்துக் கம்பில கை வெச்சா ஒரு அதிர்வு வரும். இப்ப வந்துரும்னு எனக்குத் தெரியும். மீட்டருக்குத் தெரியா..."

அங்கே நின்றுவிட்டார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது. நான் வெட்டிய வாக்கியம் இல்லை இது, அவரே விட்டது.

7

மணி நாலு நாற்பத்தெட்டு. பழைய ஆறு எண்கள் காலாவதியாகிவிட்டன. சங்கமித்ரா மறுபடியும் பொத்தானை அழுத்தினாள். போன் மறுபடியும் சிணுங்கியது.

முடிவு, ஒன்று: நான் எழுந்து நின்று இரண்டு பக்கப் பேச்சைப் படிக்கிறேன். எல்லோரும் அழுகிறார்கள். சங்கமித்ரா தோல் டாக்டர் ஆகிறாள். (தாளை இதற்குள் கிழித்து, அதில் பாதியைக் கடைக்காரர் தந்த டீ கிளாஸுக்கு அடியில் வைத்தாயிற்று. இனி முடியாது.)

முடிவு, இரண்டு: சரியான நேரத்தில் போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோகிறது. விதி. இப்படி முடித்தால் இலக்கியத் தரம் கூடும் என்று என் கை துறுதுறுக்கிறது. (கூட வேண்டாம். அறுபத்தெட்டு சதவீதம் சார்ஜ் இருந்தது. நானே பார்த்தேன்.)

முடிவு, மூன்று, நடந்தது: வேலப்பன் போனை எடுத்தார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டார். வந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். நிமிர்ந்தார்.

"இத்த யாருக்கும் சொல்லாதன்னு போட்டுகீதே?"

"அப்பா!"

அந்த வாரம் முழுவதிலும் முதல் தடவையாக அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஷிப்டு மாறும்போது அளவு சொல்கிற அதே உரத்த குரலில் படிக்க ஆரம்பித்தார். "நாலு... சைபரு... ஏழு... இன்னொரு ஏழு... ரெண்டு..."

ஆறாவது எண்ணை அவர் கத்தியே சொன்னார். கடையிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எதிரே மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்த அம்முவுக்கும் கேட்டதாம்.

உங்களுக்கு மட்டும் நான் சொல்ல மாட்டேன். யாருக்கும் சொல்லக் கூடாது என்று போட்டிருக்கிறது. கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறது. மணி நாலு ஐம்பத்து மூன்று. நீங்கள் எந்த எண்ணைப் போட்டாலும் அது சரியான எண்தான், நான் பொறுப்பு. போட்டுவிட்டு அந்தப் பெண்ணைப் பாருங்கள், அவள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"வந்துருச்சு" என்று சொல்ல வேண்டியது இப்போது நீங்கள்.